தன்மையில் பால் இல்லை

உயர்நிலை இரண்டில் எங்கள் தமிழாசிரியை வெண்பலகையில் ஐந்து கட்டம் போட்டார். ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். ஒவ்வொன்றுக்கும் கீழே வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது, வந்தன. 2011ஆம் ஆண்டு. சிங்கப்பூரில் தமிழ் வகுப்பு என்றால் மற்ற பாடங்களுக்கெல்லாம் பிரிந்து கிடப்பவர்கள் ஒரு மணிநேரத்துக்கு மட்டும் ஒன்றுசேரும் இடம். இருபது பேர்கூட இருக்க மாட்டோம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கேட்டான்: "டீச்சர், அப்ப ஒம்போது எந்தக் கட்டத்துல வரும்?"

வகுப்பே சிரித்தது. நானும்தான். கேட்டவன் பலகையைப் பார்க்கவில்லை. எங்களோடு படித்த ஒருவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். டீச்சர் திட்டவில்லை, பதிலும் சொல்லவில்லை. "சத்தம் வேணாம். பயிற்சி மூணு, பக்கத்தைத் திருப்புங்க" என்றார். அந்த ஒருவரும் எங்களோடு சேர்ந்து பக்கத்தைத் திருப்பினார்.

சமீபத்தில் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா'வையும் ரேவதியின் 'வெள்ளை மொழி'யையும் அடுத்தடுத்து வாசித்தபோது அந்த வகுப்பு திரும்ப நினைவுக்கு வந்தது. இரண்டும் திருநங்கைகள் தமிழில் எழுதிய தன்வரலாறுகள். முன்னது 2007இல் வந்தது, பின்னது 2011இல். இவற்றைப் பற்றிப் பேசும்போது வலி, வாக்குமூலம், துணிச்சல் என்ற மூன்று சொற்களோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு இந்தத் தடவை இவை பள்ளிக்கூடத்தைப் பற்றிய நூல்களாகவும், கொஞ்சம் வினோதமாக, இலக்கணத்தைப் பற்றிய நூல்களாகவும் தெரிந்தன.

முதலில் அந்தக் கேள்விக்கு வருவோம். கேலிக்காகக் கேட்கப்பட்டாலும் அது நல்ல இலக்கணக் கேள்வி. அதற்குத் தமிழில் பதிலும் இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே, கிளவியாக்கத்தில், இதைப் பேசிவிடுகிறது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனி விகுதி கிடையாது, உயர்திணை விகுதிகளையே அவை கொள்ளும் என்கிறது ஒரு நூற்பா. அத்தகைய பெயர்கள் ஆண்பால் விகுதியை ஏற்பதில்லை என்கிறது அதே இயலின் இன்னொரு நூற்பா. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் இன்னும் விரிவாகச் சொல்கிறது: பெண்தன்மையை விட்டு ஆண்தன்மையை விரும்புபவர் ஆண்பால், ஆண்தன்மையை விட்டுப் பெண்தன்மையை விரும்புபவர் பெண்பால்.

இதை வைத்துக்கொண்டு 'பாத்தீங்களா, தமிழன் அப்பவே!' என்று கிளம்புவதில் எனக்கு ஆர்வமில்லை. 'திரிந்த' என்ற சொல்லிலேயே ஒரு தீர்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நன்னூலும் அதே நூற்பாவில் இவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்று ஒரு வழியைத் திறந்து வைக்கிறது. 'அது' என்று சுட்டும் வழக்கத்துக்கு அங்கே இலக்கண ஆதரவு கிடைத்துவிடுகிறது. என் பாயின்ட் ரொம்பச் சின்னது. இந்த இலக்கண ஆசிரியர்களுக்கு அந்தக் கேள்வி எழுந்தது, அவர்கள் நின்று பதில் சொன்னார்கள். 2011இல் சிங்கப்பூரில் ஒரு குளிரூட்டப்பட்ட வகுப்பறையில் நாங்கள் பக்கத்தைத் திருப்பினோம்.

இப்போது நூல்களுக்கு வருகிறேன். 'நான் வித்யா' அறுவை சிகிச்சைக்கான பயணத்தில் தொடங்கி, பிறகு திருச்சிப் பிள்ளைப்பருவத்துக்குப் பின்னோக்கிப் போகிறது. அங்கே சரவணன் என்ற பையன். மகன் கலெக்டர் ஆக வேண்டும் என்று கனவு காணும் அப்பா. முதல் ரேங்க் வழுக்கி இரண்டாம் ரேங்க் வந்தால் வீட்டில் அடி விழும். சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் யாருக்கும் இந்த அப்பாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பி.எஸ்.எல்.இ. மதிப்பெண்ணை வைத்து உறவுகளை அளக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பையன் தஞ்சாவூர் வரை போய் மொழியியலில் முதுகலை முடிக்கிறான். அப்புறம் படிப்பு, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு புனே ரயில்களில் கைநீட்டும் வாழ்க்கைக்குப் போகிறாள். இந்த இரண்டு வாக்கியங்களை எழுதும்போதே எனக்கு விகுதி இடறியது. 'முடிக்கிறான்', 'போகிறாள்'. எந்த இடத்தில் மாற்றுவது? மாற்றலாமா?

நூலில் அந்த இடறல் இல்லை. காரணம் ரொம்ப எளிமையானது, ஆனால் நான் இத்தனை நாள் கவனிக்காதது. தன்வரலாறு தன்மையில் எழுதப்படுவது. தமிழ் வினைச்சொல்லில் தன்மைக்குப் பால் கிடையாது. போனேன், அழுதேன், ஜெயித்தேன். ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் திருநங்கை சொன்னாலும் ஒரே 'ஏன்'. சரவணன் போனதும் வித்யா போனதும் ஒரே 'போனேன்'தான். முன்னிலையும் அப்படியே: வந்தாய், வந்தீர்கள். பேச்சில் வரும் 'டா', 'டி' மட்டும் விதிவிலக்கு. பால் நம் வினைகளில் ஏறுவது படர்க்கையில்தான், அதாவது நம்மைப் பற்றி இன்னொருவர் பேசும்போது.

இதை மனசில் வைத்துக்கொண்டு 'வெள்ளை மொழி'யை வாசித்தால் அதன் கட்டமைப்பே வேறு மாதிரி தெரிகிறது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் துரைசாமியாகப் பிறந்த ரேவதி, பிள்ளைப்பருவத்தை விவரிக்கும் பகுதிகளில் தன்னை எதுவுமாக அறிவித்துக்கொள்வதில்லை. வாசல் பெருக்கினேன், கோலம் போட்டேன் என்று செயல்களை மட்டும் அடுக்குகிறார். பெயர் வைப்பவர்கள் எல்லாம் மற்றவர்கள். வழியில் கேலி செய்யும் பையன்கள், பொட்டைத்தனம் என்று அடிக்கும் வாத்தியார், உதைக்கும் அண்ணன்கள். திருவிழாவில் குறத்தி வேஷம் போட்டபோது ஊரே அழகென்று பாராட்டுகிறது. ஊருக்கு அது வேஷம்; ரேவதிக்கு அன்றைக்கு மட்டும்தான் வேஷம் கலைந்திருக்கிறது. இந்த வித்தியாசத்தை அவர் அடிக்கோடு போடாமல் சொல்லிவிட்டுப் போகிறார். நூலின் நல்ல இடங்கள் எல்லாமே இப்படித்தான், உரத்துப் பேசாதவை.

குறைகளும் உண்டு. 'வெள்ளை மொழி'யில் அடியும் அவமானமும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தூரத்தில் நின்று சொல்லப்படுவதால், பாதிக்கு மேல் வாசகருக்குத் தோல் தடித்துப்போகிறது. 'நான் வித்யா' பிற்பகுதியில், பெயர் மாற்றத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் இடங்களில், வாழ்க்கையைச் சொல்வதை விட்டு வழக்காடத் தொடங்கிவிடுகிறது. இவற்றோடு ஒப்பிட சு.சமுத்திரத்தின் 'வாடாமல்லி'யை எடுக்கலாம். சுயம்பு மேகலையாகும் கதை. அனுதாபம் நிறைந்த நாவல், ஆனால் படர்க்கையில் எழுதப்பட்டது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கதைசொல்லி 'ஆன்', 'ஆள்' என்று ஒரு தீர்ப்பு எழுதியாக வேண்டியிருக்கிறது. எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் தீர்ப்பு எழுதும் இடத்தில் உட்கார்ந்திருப்பது எழுத்தாளர்தான். ரேவதியும் வித்யாவும் வந்த பிறகு அந்த நாற்காலி காலியானது. தமிழ் இலக்கியத்துக்கு இந்த இரண்டு நூல்களும் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் அந்த நாற்காலி இன்னும் காலியாகவில்லை. வருகைப்பதிவேடு, சீருடை, முடிவெட்டு விதி, கழிப்பறைக் கதவு என எல்லாம் படர்க்கையில் இயங்குகிற இடம் பள்ளி. அதனால்தான் உலகம் முழுக்க இந்தச் சண்டை பள்ளிக்கூட வாசலில் நடக்கிறது.

பிரிட்டனில் 1988இல் பிரிவு 28 வந்தது. உள்ளூராட்சி மன்றங்கள் தன்பாலுறவை 'ஊக்குவிக்க'க் கூடாது, மன்றப் பள்ளிகளில் அதை ஒரு குடும்ப உறவாக ஏற்கத்தக்கது என்று போதிப்பதை ஊக்குவிக்கக் கூடாது என்பது சாரம். அதற்கு முந்தைய சண்டைகளில் அடிபட்ட பொருள்களில் ஒன்று, ஒரு சிறுமி அப்பாவோடும் அவருடைய இணையரோடும் வாழ்வதைக் காட்டும் டேனிஷ் குழந்தைப் புத்தகம். ஸ்காட்லாந்து 2000இலும் இங்கிலாந்தும் வேல்ஸும் 2003இலும் அந்தப் பிரிவை நீக்கின. அத்தனை ஆண்டுகளில் அதன் கீழ் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஆனால் வகுப்பறைகள் அமைதியாகிவிட்டன. எது குற்றம் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாததால் ஆசிரியர்கள் எல்லாவற்றையும் தவிர்த்தார்கள். 2022இல் ஃபுளோரிடா மாநிலம் மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை பாலின அடையாளம் பற்றிய போதனைக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டு மேல் வகுப்புகளுக்கும் நீட்டித்தது. இந்தியாவில் 2021இல் திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆசிரியர் கையேடு, எதிர்ப்பு வந்ததும் சில நாள்களில் இணையத்திலிருந்து காணாமல்போனது. அதே ஆண்டுதான் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பள்ளிகளிலும் விழிப்புணர்வு வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தார்.

சிங்கப்பூரில் அப்படித் தனிச் சட்டம் எதுவும் இல்லை. இங்கே நடப்பது வேறு மாதிரி. 2009இல் அவேர் என்ற மகளிர் அமைப்பு பள்ளிகளில் நடத்திவந்த பாலியல் கல்வித் திட்டம் சர்ச்சையாகி நிறுத்தப்பட்டது. 2014 ஜூலையில், ஒரு பெங்குவின் குஞ்சை வளர்க்கும் இரண்டு ஆண் பெங்குவின்களின் கதையையும் வேறு இரண்டு குழந்தை நூல்களையும் தேசிய நூலக வாரியம் அலமாரியிலிருந்து எடுத்தது. எதிர்ப்புத் தெரிவித்துச் சுமார் 400 பேர் பிள்ளைகளோடு தேசிய நூலகத்தின் தரைத்தளத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகங்களை வாசித்தார்கள். பிறகு மிஞ்சியிருந்த இரண்டு நூல்களும் பெரியவர்கள் பகுதிக்குப் போயின. மூன்றாவது அதற்குள் கூழாக்கப்பட்டிருந்தது. 2021இல் ஒரு மாணவரின் ஹார்மோன் சிகிச்சையில் கல்வி அமைச்சு தலையிட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அமைச்சு மறுத்தது. அமைச்சு வாசலில் போராடியவர்களில் மூவர் கைதானார்கள். அப்போது கல்வி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங், மேற்கத்தியக் கலாசாரப் போர்களை இங்கே இறக்குமதி செய்ய வேண்டாம் என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் பேசினார். இப்படிப்பட்ட மாணவர்களுக்காகப் பள்ளிகள் நடைமுறை ஏற்பாடுகளில் நெகிழ்ந்துகொடுக்க முடியும் என்றும் சொன்னார். 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் 377ஏ பிரிவை நீக்கியது. கூடவே அரசமைப்பில் 156ஆம் பிரிவைச் சேர்த்து, ஆண்-பெண் திருமணம் என்ற வரையறையையும் அதன்மேல் நிற்கும் கொள்கைகளையும் அடிப்படை உரிமை வழக்குகளிலிருந்து காப்பாற்றியது. கல்விக் கொள்கையும் அந்தக் குடைக்குள் வருகிறது.

இறக்குமதி என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடில்லை. என் வேலை விஷயமாக ஹேம்ஷயர் ரோட்டில் உள்ள நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு அடிக்கடி போவேன். லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி.யில் இறங்கி நடக்கும் தூரம். கூட்டம் முடிந்து தேக்கா சந்தையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையாக இருந்தது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸில் இடம்பிடித்த எண்ணிக்கை. 39,835 தடவை அங்கே யாரோ ஒருவர் 'ஆணா, பெண்ணா' என்று கேட்டிருப்பார். ஐந்து ஆண்டு கழித்து, 1971 ஜூலை 30 அன்று, அதே மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பால்மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. செய்தவர் பேராசிரியர் எஸ்.எஸ்.ரத்னம். இலங்கையில் பிறந்த தமிழர். 1973இலிருந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அடையாள அட்டையில் பாலை மாற்றிக்கொள்ள முடிந்தது. 1996இல் அவர்களுடைய திருமணத்தையும் சட்டம் ஏற்றது.

ஆக மருத்துவமனைக்குத் தெரிந்திருக்கிறது. பதிவகத்துக்குத் தெரிந்திருக்கிறது. திருமணச் சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது. நடந்தது எல்லாம் தேக்காவிலிருந்து பத்து நிமிட நடையில் தொடங்கியது, அதுவும் ஒரு தமிழரின் கையால். எனக்கு இதெல்லாம் இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. பத்து வருஷப் பள்ளிப் படிப்பில் யாரும் சொல்லவில்லை. யாரும் தடுக்கவுமில்லை.

மௌனத்தின் விளைவு மொழியில்தான் முதலில் தெரிகிறது. எனக்கு நன்னெறிப் பாடம் தொடக்கப்பள்ளியில் தமிழில் நடந்தது; பெரியோரை மதி, பகிர்ந்து உண். உடலைப் பற்றிய பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. 'திருநங்கை' என்ற சொல் தமிழ்நாட்டில் அரசு வழக்கிலேயே ஏறிவிட்டது. என் தமிழ் வகுப்பில் அதைக் கேட்டதாக நினைவில்லை. முதன்முதலில் காதில் விழுந்தது 'காஞ்சனா' படத்தில். அதே வருஷம்தான் அந்த வகுப்பும். எங்கள் பொறியியல் துறையில், படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி தானாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும். டிஃபால்ட் என்போம். டீச்சர் காலியாக விட்ட கட்டத்தைப் பின்வரிசை நிரப்பியது. எங்கள் தலைமுறை சிங்கப்பூர்த் தமிழருக்கு இந்த விஷயத்தில் மரியாதையான சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன, வசைச்சொற்கள் எல்லாம் தமிழில் இருக்கின்றன. பிறகு 'தமிழ்ல இதப் பத்திப் பேசவே முடியாது, ரொம்பக் கன்சர்வேட்டிவ்' என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். 'வெள்ளை மொழி'கூட முதலில் 2010இல் வ.கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பாக வந்து, அடுத்த ஆண்டுதான் தமிழில் வந்தது.

தமிழாசிரியராக இருக்கும் ஒரு நண்பரிடம் இதைக் கேட்டேன். "நீ சொல்றது சரி தம்பி. ஆனா நான் ஒரு வார்த்தை சொன்னா மறுநாள் ரெண்டு பெற்றோர் மெயில் போடுவாங்க. ஒருத்தர் ஏன் சொன்னன்னு கேப்பாரு, இன்னொருத்தர் ஏன் இன்னும் சொல்லலன்னு கேப்பாரு" என்றார். அவர் பயம் நியாயமானது. தன் நம்பிக்கைக்கு மாறான ஒன்றைப் பள்ளி தன் பிள்ளைக்குப் போதித்துவிடுமோ என்று கவலைப்படும் பெற்றோரையும் என்னால் முட்டாள் என்று ஒதுக்க முடியவில்லை. என் வீட்டிலேயே அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். பாலியல் கல்வியிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை இங்கே பெற்றோருக்கு இருக்கிறது. பின்வரிசையிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள மட்டும் படிவம் இல்லை. அந்தப் பாடத்தை எல்லாப் பிள்ளைகளும் படித்துவிடுகிறார்கள்.

நண்பர் தன் வழியையும் சொன்னார். "நான் எல்லாரையும் 'அவர்'னு சொல்லிடுவேன். பிரச்சினையே இல்ல." நல்ல வழிதான். ஆங்கிலத்தில் ஒருவரை 'தே' என்று சொல்வதற்குப் பெரிய சண்டையே நடக்கிறது. தமிழில் பலர்பால் விகுதியை ஒருவருக்கு மரியாதையாகக் கொடுப்பது ரொம்பக் காலமாகப் புழங்குவது. ஆனால் இந்த இரண்டு நூல்களையும் வாசித்தபின் 'அவர்' எனக்கு முழுசாகத் திருப்தி தரவில்லை. வித்யா அலுவலகங்களில் ஏறி இறங்கியது மரியாதைப் பன்மைக்காக அல்ல. அவர் கேட்டது 'அவள்'. 'அவர்' மரியாதை தருகிறது. கூடவே கேட்காமல் தப்பிக்கவும் விடுகிறது. சிங்கப்பூர் இந்த விஷயத்தில் எடுத்திருக்கும் நிலையே ஒரு பெரிய 'அவர்' என்று எனக்குப் படுகிறது. திட்டாது, துரத்தாது, பெயரும் சொல்லாது. சில நாடுகளில் நடப்பதைப் பார்க்கும்போது இது எவ்வளவோ மேல்தான். ஆனால் பதின்மூன்று வயதில் வகுப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது போதாது.

புதிய பாடத்திட்டம் எல்லாம் நான் கேட்கவில்லை. ஐம்பால் நடத்தும் அன்றைக்கு ஒரு ஐந்து நிமிடம். தொல்காப்பியரும் பவணந்தியும் இந்தக் கேள்விக்கு என்ன சொன்னார்கள், எங்கே சறுக்கினார்கள், இன்றைக்கு என்ன சொல் இருக்கிறது, எந்தச் சொல் வசை. கேட்டவனுக்கும் பதில் கிடைத்திருக்கும். எங்கள் டீச்சருக்கு நன்னூல் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. எங்களோடு படித்த அந்த ஒருவரை இந்தக் கட்டுரை முழுக்க 'அவர்' என்றே எழுதியிருக்கிறேன். அது மரியாதையால் இல்லை. நான்கு வருஷம் ஒரே வகுப்பில் தமிழ் படித்தோம், அப்புறம் தொடர்பு விட்டுப்போனது. எந்த விகுதி வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குத் தெரியாது.